வளையமும் திறவுகோலும்

ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் இரயில் வண்டிக்கு ஓட்டுநரின் திறமை மட்டும் போதாது. எதிர்த்திசையில் மற்றொரு வண்டி வரவில்லை என்னும் உறுதி வேண்டும். அவ்வுறுதியைத் தந்திச் செய்தி ஒன்றுக்கே விட்டுவைத்ததன் விளைவை இங்கிலாந்து 1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கண்டது. நாரிச் நகரை அடுத்த தார்ப் என்னும் இடத்தில், செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் எதிரெதிரே அனுப்பப்பட்டு மோதின. 25 பேர் மாண்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், எட்வர்டு டையர் என்பவர் ஒரு பொறியை உருவாக்கினார். அடுத்தடுத்த இரு நிலையங்களில் இரு பெட்டிகள், அவற்றை இணைக்கும் மின்கம்பி, பெட்டிகளுக்குள் வில்லைகள். ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால் இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்த வில்லை ஏதேனும் ஒரு பெட்டிக்குள் திரும்பிச் சென்றால்தான் மற்றொன்று வெளிவரும். வில்லை ஒன்று, ஆகவே பாதையில் வண்டியும் ஒன்று.

மலாயா இரயில்வேயின் ஒற்றைத் தடங்களில், இம்முறையின் வழிவந்த சாவி வடிவ டோக்கன் நெடுங்காலம் வழங்கியது. டோக்கனைப் பெரிய வளையம் ஒன்றில் கோத்து நிலைய ஊழியர் நீட்டிக்கொண்டு நிற்பார். ஓட்டுநர் கடந்து வந்த தடத்தின் வளையத்தைக் கொடுத்துவிட்டு, செல்லவிருக்கும் தடத்தின் வளையத்தை வாங்கிக்கொள்வார். வண்டி முற்றிலும் நிற்பதுகூட இல்லை. சிங்கப்பூரின் புக்கித் தீமா நிலையத்தில், 2011 ஜூன் 30-ஆம் நாள் வரை இவ்வளையங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. மறுநாள் முதல் அந்நிலையத்தில் வண்டி இல்லை.

வளையம் நீட்டிய கைகளில் தமிழ்க் கைகள் பல. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் அவர்களின் வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோர் தண்டவாளம் செப்பனிட்டனர், விளக்கேற்றினர், பாதை மாற்றும் நெம்புகோலை இழுத்தனர். அவ்வாறு நெம்புகோல் இழுத்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், தென்பகுதியின் ஒற்றைத் தடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்று, பிரிக்பீல்ட்ஸில் மகன் வீட்டுத் திண்ணையில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். மாலைதோறும் பேரனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அவர் சொன்ன கதைகளில் அரசரும் இல்லை, பூதமும் இல்லை. வளையந்தான் இருந்தது.

"டோக்கன் கையில இல்லாம வண்டி நகரக் கூடாதுப்பா. பெரிய துரையே இஞ்சின்ல ஏறி நின்னாலும் நகரக் கூடாது. துரைக்குத் தனி டோக்கன்னு ஒண்ணும் கிடையாது."

பேரன் அதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. துரைக்கும் மேலான ஒரு சாவி இருந்தது என்பது சிறுவனுக்கு வேடிக்கையாகவே பட்டது.

அப்பேரன் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர்க் கணினித்துறையில் பட்டம் பெற்று, கிள்ளானில் கொள்கலன் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பணியமர்ந்தார். தினமும் காலையில் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் வண்டி ஏறுவார். 1886-ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்குப் போடப்பட்டதே சிலாங்கூரின் முதல் இரயில் பாதை. அதன் வழித்தடத்திலேயே அவருடைய அன்றாடப் பயணமும் அமைந்தது. துறைமுகத்திற்குள் வரும் கொள்கலன்கள், அவற்றின் சுங்கப் பத்திரங்கள், லாரிகளின் நேர அட்டவணை ஆகிய அனைத்தையும் நிறுவனத்தின் கணினிகள் காத்துவந்தன. அக்கணினிகளைக் காப்பது அவர் பொறுப்பு.

காப்பது என்றால் என்ன? ஒரு கணினியை அமைப்பதற்கு நூறு சிறு வேலைகள் உள்ளன. இந்த மென்பொருளை நிறுவு, அந்தக் கோப்பைத் திருத்து, இன்னாருக்கு அனுமதி கொடு, இன்ன கதவை மூடு. கணினிகள் ஐம்பது என்றால் வேலை ஐயாயிரம். மனிதக் கை ஐயாயிரம் வேலையைப் பிழையின்றிச் செய்யாது. ஆகவே, செய்யவேண்டியவற்றை ஒருமுறை தெளிவாக எழுதிக் கொடுத்தால் அதனை எல்லாக் கணினிகளிலும் தானே நிறைவேற்றும் தன்னியக்கக் கருவிகள் பிறந்தன. மைக்கேல் டிஹான் என்பவர் 2012-இல் வெளியிட்ட 'அன்சிபிள்' அவற்றுள் பெயர்பெற்றது. அச்சொல்லே, அர்சுலா லெ குவின் 1966-இல் எழுதிய அறிவியல் புதினம் ஒன்றில் விண்மீன்களுக்கு இடையே நொடியில் செய்தி அனுப்பும் கருவிக்கு இட்ட பெயர். கணினியர் நூல் படிப்பதில்லை என்று குறைகூறும் தமிழாசிரியர்கள் இதனைக் குறித்துவைத்துக் கொள்ளலாம்.

இளைஞர் பயன்படுத்தியது அதே இனத்தைச் சேர்ந்த, பெயர் அதிகம் பரவாத ஒரு சிறு கருவி. அது கட்டற்ற மென்பொருள். அதன் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாய்த் திறந்து கிடக்கும், எவரும் திருத்தலாம், திருத்தம் நன்றெனில், பொறுப்பாளர்கள் ஆராய்ந்து பொது நிரலில் சேர்த்துக்கொள்வர். ஊதியம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நிறுவனம் தன் கணினிகளுள் பெரும்பாலானவற்றை மேகக் கணிமைக்கு மாற்றியது. 'மேகம்' என்னும் பெயர் ஏமாற்றும் பெயர். அது வானத்தில் இல்லை. தரையில், காவல் மிகுந்த கட்டடங்களில், இரவும் பகலும் குளிரூட்டப்பட்டு நிற்கும் பிறருடைய கணினிகளே மேகம். அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே இத்தகைய வட்டாரம் ஒன்றைத் திறந்தது. மைக்ரோசாப்ட் 2025-இல் கோலாலம்பூரை ஒட்டித் திறந்தது. பிறருடைய கட்டடத்தில் உள்ள கணினிக்குத் தொலைவிலிருந்து கட்டளையிட வேண்டுமானால், கட்டளையிடுபவர் யார் என்பதை அக்கட்டடம் அறிய வேண்டும். இதுவே அடையாள உறுதிப்பாடு. அவர் என்னென்ன செய்யலாம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. முன்னது 'நீ யார்?' என்பது, பின்னது 'உனக்கு எதுவரை உரிமை?' என்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோர் கணினித்துறையிலேயே பலர்.

அந்தச் சிறு கருவி அறிந்திருந்தது ஒரே வழி. மேகச் சேவை ஓர் இரகசியத் திறவுகோலைத் தரும். நீண்ட எழுத்துவரிசை அது. அதனைக் கருவியிடம் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கட்டளையையும் அத்திறவுகோலோடு கணித முறையில் கலந்து ஒரு முத்திரையை உண்டாக்கி அனுப்பும். திறவுகோல் கம்பியில் பயணம் செய்வதில்லை. முத்திரை மட்டுமே செல்லும். மிக நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால், அத்திறவுகோலுக்கு முடிவு நாள் இல்லை. இன்று செல்லும், அடுத்த ஆண்டும் செல்லும், யார் கையில் இருந்தாலும் செல்லும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிக்கும் அவசரத்தில், இளைஞர் தாம் எழுதிய கட்டளைக் கோப்புகளைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றினார். பிறருக்கு உதவட்டும் என்னும் நல்லெண்ணமே காரணம். அவற்றுள் ஒரு கோப்பில் திறவுகோல் இருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக எப்போதோ எழுதி, பிறகு நீக்க மறந்தது. இத்தகைய களஞ்சியங்களைக் கண்ணிமைக்காமல் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் உலகில் ஏராளம். திங்கட்கிழமை காலை அலுவலகம் சென்றபோது, நிறுவனத்தின் பெயரில் உலகின் பல மூலைகளிலும் முன்பின் அறியாத கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. எவரோ மின்காசு தோண்டிக்கொண்டிருந்தனர். கட்டணம் மட்டும் கிள்ளானில் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய பல மாத ஊதியம் இரு நாளில் கரைந்திருந்தது.

இது பெருநிறுவனங்களுக்கும் நேர்ந்ததே. டொயோட்டா தன் வாகன இணையச் சேவையைச் சார்ந்த நிரலின் ஒரு பகுதி, திறவுகோலோடு, 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை பொதுவில் கிடந்ததாக அறிவித்தது. நிரல் எழுதிய துணை ஒப்பந்ததாரரின் கைத்தவறு அது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று அந்நிறுவனம் சொல்ல நேர்ந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஒரு சாவி தெருவில் கிடந்திருக்கிறது. எவரும் குனிந்து பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர் சொல்லவில்லை. இதனை அறிந்தது இளைஞருக்கு ஆறுதலாக இல்லை. டொயோட்டாவைப் பற்றி எவரும் அவர் வீட்டில் கவலைப்படவில்லை.

முதலாளியிடம் அவரே சென்று சொன்னார். ஒளிக்கவில்லை, பழியைப் பிறர்மேல் சாற்றவுமில்லை. முதலாளி வசைபாடியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, இனிமேல் இது நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறாய்?"

'இனிமேல் கவனமாக இருப்பேன், ஐயா' என்பதே எவருக்கும் முதலில் நாவில் வரும் விடை. அவருக்கும் அதுவே வந்தது. சொல்லாமல் விழுங்கினார். அன்று மாலை கொமுட்டரில் திரும்பும்போது தாத்தாவின் வளையம் நினைவுக்கு வந்தது. கவனமாக இருப்பேன் என்று ஓட்டுநர் சொன்னால் பாயிண்ட்ஸ்மேன் வழி விட்டிருப்பாரா? கவனம் அல்ல, வளையமே வேண்டியது. ஒரு தடத்திற்கு மட்டும் பொருந்துவது. அத்தடத்தைக் கடந்ததும் திரும்பிச் செல்வது. திருடினாலும் அடுத்த தடத்தில் பயன்படாதது.

மேகச் சேவைகளிடம் அவ்வளையம் ஏற்கெனவே இருந்தது. அதற்கும் டோக்கன் என்றே பெயர். நிரந்தரத் திறவுகோலுக்கு மாற்றாக, குறுகிய காலத் திறவுகோல் ஒன்றை அவை வழங்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரம் செல்லும். குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் செல்லும். அதனைப் பெற, நிறுவனத்தின் சொந்த உள்நுழைவு வாயிலில் அடையாளம் காட்டி ஒரு சான்றுச் சீட்டு வாங்கி, அச்சீட்டை மேகச் சேவையிடம் நீட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தில் ஒரே அடையாளத்தோடு நுழைந்து, கூகுள் வகுப்பறைக்கும் மைக்ரோசாப்ட் செயலிகளுக்கும் செல்வதுபோன்றதே இதுவும். கூகுளிடமும் மைக்ரோசாப்டிடமும் தனித்தனிக் கடவுச்சொல் சொல்லவேண்டியதில்லை. அமைச்சின் வாயில் 'இவர் இன்னார்' என்று உறுதி கூறுகிறது. (கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஆசிரியர் அறைக் கணினியின் நெற்றியில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை எந்தத் தொழில்நுட்பமும் இன்னும் வெல்லவில்லை என்பது வேறு கதை.)

குறை மேகத்தில் இல்லை, கருவியில் இருந்தது. அதற்கு வளையம் வாங்கத் தெரியவில்லை. எனவே, தெரிய வைப்பதென்று இளைஞர் துணிந்தார்.

நிரல் எழுதப் பத்து இரவுகள் ஆயின. இருநூறு வரிகளுக்குள் அடங்கிய வேலை. பெருமிதத்தோடு பொறுப்பாளர்களுக்கு அனுப்பினார். இங்கிலாந்தில் இருந்த பொறுப்பாளர் ஒருவரிடமிருந்து இரண்டு நாளில் மறுமொழி வந்தது. நன்றி கூறித் தொடங்கியது. அதன்பின் பதினேழு குறிப்புகள். நல்ல தமிழாசிரியர் ஒருவர் திருத்திய கட்டுரைத்தாளைப் போல இருந்தது அது. சிவப்பு மை மட்டுமே இல்லை.

நிரந்தரத் திறவுகோலும் டோக்கனும் இரண்டுமே இருந்தால் கருவி எதனை எடுக்கும்? இளைஞர் அதனை எண்ணிப் பார்க்கவில்லை. பழைய முறையில் கருவியைப் பயன்படுத்தி வருவோரின் வேலை இத்திருத்தத்தால் நின்றுவிடாது என்பதற்குச் சோதனை எங்கே? அதுவும் இல்லை. எல்லாவற்றிலும் சுருக்கென்று தைத்தது வேறொன்று. மேகச் சேவை ஒரு கட்டளையை மறுத்தால், கருவி தன் நாட்குறிப்பில் அக்கட்டளை முழுவதையும் எழுதிவைத்தது. டோக்கனும் அதற்குள் இருந்தது. திறவுகோல் தெருவில் கிடக்கக்கூடாது என்று தொடங்கிய வேலை, மற்றொரு சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்திருந்தது. அக்குறிப்பைப் படித்த இரவு அவர் உண்ணவில்லை. மறுநாள், நாட்குறிப்பில் இரகசியம் வரும் இடத்திலெல்லாம் நட்சத்திரக் குறிகள் மட்டும் தோன்றுமாறு மாற்றினார்.

இரண்டாம் முறை அனுப்பியபோதுதான் விந்தையான சிக்கல் எழுந்தது. ஒரே நிரலை மூவர் ஓட்டினர். மூவரும் மூன்று விதமாகக் கண்டனர். இங்கிலாந்துப் பொறுப்பாளருக்குக் குற்றமின்றி ஓடியது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த தன்னார்வலர் ஒருவருக்கு முதல் மணி நேரம் ஓடி, பின்னர் நின்றுவிட்டது. கோலாலம்பூரிலோ ஓடியது, ஆனால் ஆமைபோல் ஓடியது. பல மாலைகள் இதிலேயே கழிந்தன. 'உங்கள் கணினியில்தான் கோளாறு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு மூவரும் வந்துவிட்டனர். நாகரிகம் கருதியே சொல்லாதிருந்தனர்.

விடை கடிகாரத்தில் இருந்தது. டோக்கன் எப்போது காலாவதியாகும் என்பதை மேகச் சேவை உலகப் பொது நேரத்தில் எழுதித் தந்தது. இளைஞரின் நிரல் அதனைத் தன் அறைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டது. கோலாலம்பூர் எட்டு மணி நேரம் முன்னே நிற்பதால், வாங்கிய டோக்கன் ஒவ்வொன்றும் வாங்கிய கணமே காலாவதியானதாகத் தோன்றியது. ஒவ்வொரு கட்டளைக்கும் புதியது கேட்டுக் காத்திருந்தது. அமெரிக்கக் கடிகாரம் பின்னே நின்றதால், செத்துப்போன டோக்கன் உயிரோடு இருப்பதாகத் தோன்றியது. இங்கிலாந்தில் அப்போது குளிர்காலம். அங்குள்ள நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்றே. கோடை வரை காத்திருந்தால் அங்கும் வெளுத்திருக்கும்.

நேரம் என்பது இயற்கையன்று, ஏற்பாடு என்பதை இந்நாட்டு மூத்தோர் அறிவர். 1982 ஜனவரி 1-ஆம் நாள் பிறந்தபோது, சபா சரவாக்கோடு ஒத்துச் செல்வதற்காகத் தீபகற்ப மலேசியா தன் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. சூரியன் அதனைப் பொருட்படுத்தவில்லை. பள்ளிக்கூட மணிதான் மாறியது. இளைஞர் திருத்தியது ஒரே ஒரு வரி. இரு நேரங்களையும் உலகப் பொது நேரத்திற்கு மாற்றிவிட்டு ஒப்பிடச் செய்தார். கூடவே, காலாவதியாவதற்கு ஐந்து நிமிடம் முன்னரே புதிய டோக்கன் வாங்கிக்கொள்ளவும் கற்பித்தார்.

இறுதியாக எஞ்சியது விளக்கக் குறிப்பு. நிரலைவிட அதுவே அவரை அதிகம் வாட்டியது. இம்முறையை இதற்குமுன் கேட்டறியாத ஒருவர் படித்து, பிழையின்றி அமைத்துக்கொள்ளும்படி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினார். பொறுப்பாளர் திருப்பினார், "மூன்றாம் பத்தியில் 'அது' என்பது எதனைக் குறிக்கிறது?" என்று கேட்டிருந்தார். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு ஆசிரியை கரும்பலகையின்முன் நிறுத்திவைத்துக் கேட்ட அதே கேள்வி. நான்கு முறை திருத்தினார். கணினி படிக்கும் நிரலில் ஒரு குற்றம் இருந்தால் கணினி நின்று முறையிடும். மனிதர் படிக்கும் பத்தியில் குற்றம் இருந்தால் மனிதர் முறையிடுவதில்லை, தவறாக அமைத்துவிட்டுப் போய்விடுவார். மொழியாசிரியர் பணியின் அருமை அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

தொடங்கி நான்கு மாதம் கழித்து, அத்திருத்தம் பொது நிரலில் சேர்ந்தது. புதிய பதிப்பின் அறிவிப்பில் அதற்கு ஒரு வரி. அவ்வரியின் இறுதியில் அவர் புனைபெயர். வீட்டில் சொன்னபோது, தாயார் கேட்டது, "இதுக்குச் சம்பளம் எவ்வளவுப்பா?" என்பதே.

"சம்பளம் இல்லம்மா."

"அப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யாருக்காக உக்காந்திருந்த?"

அவருக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. தம் நிறுவனத்திற்காக மட்டும் என்றால், அந்த இருநூறு வரிகளை நிறுவனத்திற்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். நான்கு மாதம் பதினாறு நாளாகச் சுருங்கியிருக்கும். கடிகாரக் கோளாறும் கிள்ளானில் எவருக்கும் தெரியாமலேயே கிடந்திருக்கும்.

புதிய பதிப்பை நிறுவிய மறுநாள், நிறுவனத்தின் நிரந்தரத் திறவுகோல்களை ஒவ்வொன்றாக அழித்தார். மொத்தம் பதினொன்று இருந்தன. அவற்றுள் மூன்று எதற்காக உண்டாக்கப்பட்டவை என்று அங்கு எவருக்கும் தெரியவில்லை. அவற்றை அழிக்கும்போதுதான் கை நடுங்கியது. ஒன்றும் நின்றுபோகவில்லை. முதலாளியை அழைத்து வெறுமையான பட்டியலைக் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லையே, தம்பி" என்றார்.

"அதுதான், ஐயா."

அன்று மாலை கொமுட்டரில் நெரிசல். ஷா ஆலாம் நிலையத்தில்தான் உட்கார இடம் கிடைத்தது. இப்பாதை இன்று இரட்டைத் தடம். ஓட்டுநருக்கு எவரும் வளையம் நீட்டுவதில்லை. கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. பிரேசிலிலிருந்து எவரோ எழுதியிருந்தார். புதிய முறை நன்றாக இயங்குகிறதாம். ஆனால், மூன்று மணி நேரம் ஓடும் நீண்ட வேலை ஒன்றின் நடுவில், டோக்கனைப் புதுப்பிக்கும் தருணத்தில் இணைப்பு அறுந்தால், கருவி மீண்டும் முயல்வதில்லையாம். இது எதிர்பார்க்கப்பட்டதுதானா என்று பணிவோடு கேட்டிருந்தார்.

எதிர்பார்க்கப்பட்டதன்று. இளைஞர் மடிக்கணினியைத் திறந்தார். வண்டி பத்து தீகாவைக் கடந்துகொண்டிருந்தது.